பனங்காட்டு விடிலிக்கு நாயோடு போகிறவர்களுக்கு

பனைத் தொழில் நடக்கும் ஊர்களில், பருவம் தொடங்கியதும் மரங்களுக்கு நடுவே ஓர் ஓலைக் குடிசை எழும். அதற்கு விடிலி என்று பெயர். அதற்குள் ஒரு பெரிய அடுப்பும் வாயகன்ற சட்டியும் இருக்கும். சுவரோரம் சிரட்டைகளும் வெளியே விறகுக் குவியலும் கிடக்கும். குடும்பத்தில் ஒருவர் மரம் ஏறிப் பதநீர் இறக்க, மற்றவர்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறார்கள். ஆட்டுக்கும் குடிசைக்கும் காவலாக வாசலில் ஒரு நாய் படுத்திருப்பதும் வழக்கம். பருவம் முடிந்தால் குடிசை பிரியும், அடுத்த ஆண்டு மறுபடி எழும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குடும்பங்கள் நடத்தும் சிறிய திராட்சை மது ஆலைகளுக்கு விடுமுறை நாளில் நாயையும் கூட்டிக்கொண்டு போய், தோட்டம் சுற்றி, விளைந்த இடத்திலேயே ருசி பார்த்து, நேராக வாங்கி வருவது பழைய வழக்கம். இந்தியாவில் நாசிக் பக்கம் இது வேரூன்றியது. 1999இல் தொடங்கிய சூலா தோட்டம் அதற்கு வழிகாட்டியது. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் மண்ணில் அதற்கு இணையான இடம் பனங்காட்டு விடிலிதான். திராட்சைக்குப் பதில் பனை, பழச்சாற்றுக்குப் பதில் பாளைச் சாறு. நாயோ இந்த மண்ணுக்கு அந்நியமே இல்லை. நாய் இனங்களுக்குப் பெயர் கொடுத்த ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இதே மாவட்டத்து ஊர்கள்.

விடிலியில் நடப்பது எல்லாவற்றையும் ஒரே விஷயம் தீர்மானிக்கிறது: பதநீர் காத்திருக்காது. இறக்கிய சில மணி நேரத்துக்குள் குடிக்கவோ காய்ச்சவோ வேண்டும். மரத்தடியில் அடுப்பு இருப்பதும், குடும்பமே சேர்ந்து உழைப்பதும், விருந்தாளி விடியலிலேயே போக வேண்டியிருப்பதும், கருப்பட்டியின் விலையும் இதிலிருந்தே வருகின்றன.

கள்ளும் பதநீரும்

பனையின் பாளையிலிருந்து சொட்டும் சாறு ஒன்றுதான். அதில் ஏறத்தாழ பத்திலிருந்து பதின்மூன்று விழுக்காடு சர்க்கரை. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் சாறு சொட்டத் தொடங்கியதுமே வேலையை ஆரம்பித்துவிடும். வெறும் கலயத்தில் இறங்கினால் சில மணி நேரத்தில் புளித்து, நான்கைந்து விழுக்காடு சாராயச் சத்துள்ள கள்ளாகிவிடும். மறுநாளும் விட்டுவைத்தால் காடியாகும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிவிட்டால் சாற்றின் புளிப்பு குறைந்து காரத்தன்மை ஏறும். அதில் ஈஸ்ட் பெருகாது, சாறும் புளிக்காது. இனிப்பாகவே இறங்கும் அந்தச் சாறுதான் பதநீர்.

திராட்சை மதுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. மது ஆலைக்காரர் நொதித்தலை வரவேற்று, பிறகு மதுவை ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கலாம். பனையேறி அதே நொதித்தலை வாசலிலேயே தடுத்து நிறுத்த வேண்டும். இரண்டு கைத்தொழிலும் ஒரே நுண்ணுயிரோடு நடக்கும் பேச்சுவார்த்தைகள்தான். முடிவுகள் மட்டும் வேறு.

சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகள் திறந்தன. பின் மூடின, மறுபடி திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கவும் விற்கவும் தடை. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் பனங்கள் புட்டியில் அடைத்து விற்கப்படுகிறது. இலங்கை அரசு 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைத்தது. திக்கம் வடிசாலையில் பனஞ்சாராயம் வடித்தார்கள். தமிழ்நாட்டிலும் தடையை நீக்கக் கோரிப் பனைத் தொழிலாளர்களும் விவசாய அமைப்புகளும் நெடுநாளாகக் குரல் கொடுத்துவருகிறார்கள்.

ஆகவே விடிலிக்குப் போகிறவர் கள் கேட்கக் கூடாது. விளையாட்டாகக் கேட்டாலும் அந்தக் குடும்பத்துக்கு அது வழக்கும் அபராதமுமாக முடியக்கூடும். பதநீரே குறைவற்ற விருந்து. பச்சை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றி, நுங்கோ மாங்காய்த் துண்டோ போட்டுக் குடிக்கும்போது ஓலையின் வாசனையும் சேர்ந்துகொள்ளும். அந்த ருசி எந்தப் புட்டிக்கும் வாய்க்காது.

கருப்பட்டி கட்டிய ஊர்கள்

சிவகாசி என்றால் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் நினைவுக்கு வரும். இந்த ஊர் வணிக ஊராக வளர்ந்ததில் பனைக்குப் பெரிய பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்து சாலைகள் திறந்தபின், திருநெல்வேலியின் தெற்குப் பனங்காடுகளிலிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டியையும் கருவாட்டையும் உப்பையும் மாட்டு முதுகிலும் வண்டியிலும் ஏற்றி வடக்கே வந்தார்கள். வழியில் சரக்கையும் மாட்டையும் காக்கப் பேட்டைகள் அமைத்தார்கள். அப்படி நிலைத்த ஊர்களில் சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறும் முதன்மையானவை.

இந்த ஊர்களில் விற்ற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கினார்கள். அந்தப் பொதுப்பணம் கிணறாகவும் கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறியது. 1923இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது, அவர்களுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வணிகப் பழக்கம் இருந்தது. அதன் தொடக்கத்தில் கருப்பட்டி மூட்டையும் இருந்தது.

இன்று விருதுநகர் மாவட்டத்தில் பனைகள் கண்மாய்க் கரைகளிலும் வயல் எல்லைகளிலும் வரிசையாக நிற்கின்றன. பருவத்தில் சாலையோரம் பதநீர் விற்பதைப் பார்க்கலாம். கருப்பட்டி காய்ச்சுவதைத் தொடர்ச்சியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் தென்கிழக்கே விளாத்திகுளம், வேம்பார், சாயல்குடிப் பக்கமோ, இன்னும் தெற்கே உடன்குடிப் பக்கமோ போவது நல்லது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மரமும் பனையேறியும்

பனை நட்டுப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுக்குப் பிறகே பாளை விடும். அதுவரை ஆண் பனையா பெண் பனையா என்பதே தெரியாது. ஆண் பனையை அலகுப்பனை என்றும் பெண் பனையைப் பருவப்பனை என்றும் சொல்வார்கள். இரண்டிலும் பதநீர் இறங்கும். பெண் பனையின் பாளையைச் சீவினால் அந்தப் பாளையில் நுங்கு கிடைக்காது. எந்த மரத்தை நுங்குக்கு விடுவது, எதைப் பதநீருக்கு எடுப்பது என்று பருவத் தொடக்கத்திலேயே குடும்பம் முடிவு செய்துவிடும்.

பனையேறியின் கருவிகள் சில. காலைப் பிணைக்கும் தளைநார், மரத்தின் அடிப்பகுதியில் கால்வைத்து ஏற உதவும் முருக்குத்தடி, பாளையை நசுக்கும் மரக் கடிப்பு, தீட்டிய பாளை அரிவாள், அதை வைக்கும் பெட்டி, சுண்ணாம்பு, கலயங்கள். முதலில் ஓலைக் கழிவுகளை அகற்றிப் பாளைக்கு வழி செய்கிறார். பிறகு பல நாள் தொடர்ந்து கடிப்பால் இதமாக நசுக்கிப் பாளையைப் பதப்படுத்துகிறார். பதமான பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவினால் சாறு சொட்டத் தொடங்கும். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். மெலிந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். இந்தக் கணக்கு கைக்கு வரச் சில பருவங்கள் ஆகும்.

காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பாளை காய்ந்துவிடும் என்பதால் பருவம் முழுக்கப் பனையேறிக்கு விடுப்பு இல்லை. அறுபது, எழுபது அடி உயர மரங்களை, ஒரு நாளில் முப்பது நாற்பது என்று ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. காற்று பலமாக வீசினாலும் மழைத்தூறலில் மரம் வழுக்கினாலும் ஆபத்து கூடுகிறது. அடுத்த தலைமுறை இந்தத் தொழிலை விட்டு விலகுவதற்கு இந்த ஆபத்தும் வருமான நிச்சயமின்மையுமே பெரிய காரணங்கள்.

அடுப்படி

இறக்கிய பதநீரை முதலில் தெளியவிட்டு வடிகட்டுகிறார்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். பிறகு சட்டியில் ஊற்றி அடுப்பை மூட்டுகிறார்கள். காய்ந்த ஓலையும் பனை மட்டையும் கரிசல் காடெங்கும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேல விறகும் எரிபொருள். பதநீர் சூடேறியதும் நுரைத்துப் பொங்கும். இடித்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் தூவினால் பொங்கல் அடங்கும். அதிலுள்ள எண்ணெய் நுரையை உடைப்பதுதான் காரணம்.

இரண்டு மூன்று மணி நேரம் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிர்நிறச் சாறு பொன்னிறமாகி, செம்பழுப்பாகி, பாகாகக் கெட்டிப்படும். இந்தப் பாகுக்குக் கூப்பனி என்று பெயர். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, உருண்டை பிடித்தால் இறக்கிவிடுவார்கள். பதம் தவறினால் கருப்பட்டி இளகியே கிடக்கும், கூடினால் கசக்கும். இறக்கிய பாகைக் கிண்டி ஆறவைத்து, நனைத்து அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றினால் அரைக்கோளமாக உறையும். ஏறத்தாழ எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் வற்றி ஒரு கிலோ கருப்பட்டி ஆகிறது. ஆறேழு மரம் ஏறி இறங்கிய உழைப்பும் ஒரு கட்டு விறகும் மணிக்கணக்கான அடுப்புச் சூடும் அந்த ஒரு கிலோவுக்குள் இருக்கின்றன.

சுக்கும் மிளகும் சேர்த்துச் சிறு வில்லைகளாக ஊற்றுவதும் உண்டு. பனங்கற்கண்டு வேறு பொறுமையைக் கேட்கும். பாகைப் பானையில் ஊற்றி, நூல்களைத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் நூலைச் சுற்றிப் படிகம் கட்டும்.

அடுப்படி வேலையின் பெரும்பகுதி பெண்களுடையது. புகையும் அனலும் கொதிபாகும் சூழ, கண்ணை எடுக்காமல் பதம் பார்க்கும் அந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. விடிலிக்குப் போகிறவர் மரம் ஏறுவதை மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், அடுப்படியில் நிற்கும் அம்மாவிடமும் அனுமதி கேட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் தொழிலின் மறுபாதியும் விளங்கும்.

பருவமும் நேரமும்

தென்மாவட்டங்களில் தை, மாசியில் பாளை வேலை தொடங்கும். பங்குனியும் சித்திரையும் வைகாசியும் உச்சம். ஆனியும் ஆடியும் இடத்துக்கு இடம் மாறுபடும். வேறு மாதத்தில் போனால் ஓலை பிரித்த கம்புகளை மட்டுமே பார்க்க நேரிடும்.

நேரம் இன்னும் முக்கியம். பனையேறி விடியுமுன் மரத்தில் இருப்பார். காலை ஏழு, எட்டு மணிக்குள் புதுப் பதநீர் கைக்கு வரும். பத்து மணிக்கு மேல் வெயிலும் அடுப்பனலும் சேர்ந்துகொள்ளும். அதிகாலையே போய், பதநீர் குடித்து, அடுப்பு மூட்டுவதைப் பார்த்து, பத்துக்குள் கிளம்புவது மனிதருக்கும் நாய்க்கும் பொருத்தமான திட்டம். முன்கூட்டியே ஊரில் தெரிந்தவர் மூலம் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. பனையேறும் அண்ணனோ தாத்தாவோ மரத்தில் இருக்கும்போது கீழிருந்து கூப்பிட்டுப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இறங்கி, அரிவாளை வைத்து, மூச்சு வாங்கியபின் பேசலாம்.

இந்த மண்ணின் நாய்கள்

ராஜபாளையம் நாய் பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. தோளுயரம் ஏறத்தாழ 65 முதல் 75 சென்டிமீட்டர். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. எஜமானரிடம் ஒட்டுதல் அதிகம், அந்நியரிடம் சந்தேகம் அதிகம். தூய வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளில் வருவதால், வளர்ப்பவர்கள் கைதட்டிப் பார்த்துக் குட்டி எடுப்பது வழக்கம். 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இடம்பெற்றது.

சிப்பிப்பாறை மெலிந்த வேட்டைநாய். நீண்ட கால், ஒடுங்கிய முகம், ஆழ்ந்த மார்பு. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் இனம் அது. முயல் பாய்ந்தால் அதே கணத்தில் அதுவும் பாயும். கருப்பு உடலும் பழுப்புக் காலும் கொண்ட கன்னியும் இந்தக் கரிசல் வட்டாரத்து இனமே. மேற்கே தேனி மாவட்டத்தின் கோம்பை ஊர் கோம்பை நாய்க்குப் பெயர் கொடுத்தது. ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபணு வளப் பணியகம் அங்கீகரிக்கப்பட்ட இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. 2020இல் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களின் பெயர்களைச் சொன்னபின் நகரங்களிலும் இவற்றுக்குத் தேவை கூடியது.

வெயிலைத் தாங்குவதில் இந்த இனங்களுக்கு இணை குறைவு. குட்டையான ரோமமும் ஒல்லியான உடலும் சூட்டை எளிதில் வெளியேற்றுகின்றன. பக், புல்டாக் போன்ற தட்டைமூக்கு நாய்கள் சித்திரை வெயிலில் மூச்சுத் திணறிவிடும். அடர்ந்த ரோமமுள்ள நாய்களும் அப்படியே. அவற்றை விடிலிப் பயணத்துக்கு அழைத்துப் போகாமல் இருப்பதே அன்பு.

நாயை அழைத்துப் போகும் முன்

வெறிநாய்க்கடித் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். கிராமத்து நாய்கள் தங்கள் எல்லையைக் காக்கும். அவற்றில் பல ஊசி போடாதவை. விடிலிக் குடும்பத்திடம், நாய் வருகிறது என்று முன்பே சொல்லிவிட்டால் தங்கள் நாயைக் கட்டிவைப்பார்கள். வந்த நாயை வாரில் பிடித்தபடி எல்லையிலேயே நிறுத்தி, இரண்டும் தூரத்திலிருந்து பார்த்துப் பழகியபின் உள்ளே போவது சண்டையைத் தவிர்க்கும்.

வார் எந்த நேரத்திலும் கழற்றப்படக் கூடாது. காரணங்கள் பல. கண்ணால் வேட்டையாடும் இனங்கள் ஒரு முறை ஓடத் தொடங்கினால் கூப்பிட்டால் திரும்பாது. கரிசல் காட்டில் மயில்கள் ஏராளம். மயிலும் முயலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, நாயை ஏவுவது குற்றம். ஆட்டுக்கிடையில் நாய் புகுந்தால் மேய்ப்பவரின் ஒரு மாத வருமானம் போய்விடும். அடுப்பருகே ஓடினால் கொதிபாகு சிதறும். அது தோலில் ஒட்டிக்கொண்டு எரிக்கும். மரத்தின் கீழே நின்றால் கலயமோ மட்டையோ மேலே விழலாம்.

தரையில் இன்னொரு ஆபத்து. பனை மட்டையின் இரு ஓரமும் வாள்போல் அறுக்கும் கருக்கு. சீமைக்கருவேல முள் நாயின் உள்ளங்காலில் ஆழமாக ஏறி உள்ளேயே முறியும். பழைய ஓலைக் குவியலில் கட்டுவிரியனும் சுருட்டை விரியனும் ஒதுங்கும். அவற்றை நாய் மோப்பம் பிடிக்க விடக் கூடாது. கரிசல் மண் கருநிறமாதலால் வெயிலை உறிஞ்சிச் சீக்கிரம் சுடும். புறங்கையை ஐந்து நொடி மண்ணில் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அந்தச் சூடு ஆகாது. இரண்டு பேருக்குப் போதுமான தண்ணீரை நாய்க்கென்று தனியாகக் கொண்டுபோக வேண்டும். விடிலியில் தண்ணீர் தூரத்திலிருந்து சுமந்து வரப்படுவது.

நாயின் வாய்க்கு எது போகலாம் என்பதிலும் கவனம் தேவை. பதநீரில் சர்க்கரையும் சுண்ணாம்பும் இருக்கின்றன. நக்கிப் பார்த்த துளி தீங்கு செய்யாது, கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கத் தேவையில்லை. புளித்த சாறு எவ்வளவு குறைவானாலும் கூடாது. நாயின் உடல் சாராயத்தை மனித உடல்போல் கையாளாது. காய்ச்சும் இடத்தில் சிதறிக் கிடக்கும் ஆமணக்கு விதை கொடிய நஞ்சு. அதிலுள்ள ரைசின் நாயின் குடலையும் ஈரலையும் கெடுக்கும். திராட்சையும் ஆபத்தே. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். 2021இல் அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று சுட்டினார்கள். அதே அமிலம் புளியிலும் உண்டு. சாலையோரப் புளியமர நிழலில் நிறுத்தி இளைப்பாறும்போது விழுந்து கிடக்கும் புளியம்பழத்தை நாய் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெடிச்சத்தமும் காட்டெல்லையும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வழியாகப் போகும் பயணத்துக்கென்று தனியான எச்சரிக்கை ஒன்று உண்டு. பட்டாசு ஆலைகளில் சரக்கைச் சோதித்துப் பார்க்கும் வெடிச்சத்தம் பகலில் எப்போது வேண்டுமானாலும் கேட்கும். மனிதர் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளையும் நாய் கேட்கிறது. திடீர் வெடி அதற்குப் பெரும் பீதி. மிரண்ட நாய் வாரை அறுத்துக்கொண்டு ஓடி வழிதவறிவிடும். உடலைச் சுற்றிப் பிடிக்கும் பட்டையும் கழுத்தில் தொலைபேசி எண் பொறித்த வில்லையும் இந்தப் பாதையில் கட்டாயம். இங்கேயே பிறந்து வளர்ந்த நாய்கள் சத்தத்துக்குப் பழகியிருப்பதைப் பார்த்து, வெளியூர் நாயும் அப்படியே இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

ஆலை வளாகங்களின் அருகே வண்டியை நிறுத்துவதையும் தவிர்க்க வேண்டும். அங்கே ஒரு தீப்பொறிகூடப் பல உயிர்களுக்கு ஆபத்து. வழியில் கிடக்கும் வெடிக் காகிதத்திலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் ரசாயனம் நாய் வயிற்றுக்கு நஞ்சு.

மேற்கே திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மலையடிவாரம் போகிறவர்கள் எல்லையை அறிந்திருக்க வேண்டும். சாம்பல்நிற அணில் சரணாலயமாக இருந்த அந்தக் காடு 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியானது. அதற்குள் நாய்க்கு இடமில்லை. நாயிடமிருந்து பரவும் நோய்கள் காட்டு விலங்குகளைக் கொல்லக்கூடியவை. காட்டுவாசனையில் மயங்கிய நாயும் சிறுத்தைக்கு எளிதான இரை. ஊருக்குள் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது.

வாங்குவதும் விலையும்

சந்தைக் கருப்பட்டியில் சீனி கலப்பது இந்தத் தொழிலின் பெரிய நோய். சீனி மலிவு, பதநீர் அரிது. தொழில் தெரிந்தவர்கள் உடைத்துப் பார்த்துச் சொல்வார்கள். கலப்பில்லாததில் உடைந்த முகம் மங்கலாக இருக்கும். சீனி கலந்ததில் படிகம் மின்னும். நல்ல கருப்பட்டி நாக்கில் மெல்லக் கரைந்து லேசான உவர்ப்பை விட்டுச்செல்லும். மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கசியும். இந்தக் கசிவைக் குறையென்று திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஓலைக் கொட்டானிலோ மண்பானையிலோ வைத்து, அடுப்புக்கு மேல் புகைபடும் இடத்தில் பாதுகாப்பது பழைய முறை.

விடிலியிலேயே வாங்கும்போது காய்ச்சுவதைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். அங்கே பேரம் பேசுவது பொருந்தாது. முன்பணம் கொடுத்த வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொள்ளும் விலைக்கும் நகரக் கடையின் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. நேராக வாங்குகிறவர் கொடுக்கும் பணம் அந்த இடைவெளியின் ஒரு பகுதியை மரம் ஏறியவருக்கே சேர்க்கிறது. குடித்த பதநீருக்கும் பார்த்த நேரத்துக்கும் சேர்த்துக் கொடுப்பதே முறை. சிரட்டைக் கருப்பட்டி மட்டுமல்லாமல் ஓலைப்பெட்டி, விசிறி, முறம் இவற்றையும் அந்தக் குடும்பங்கள் முடைகின்றன. பருவம் இல்லாத மாதங்களில் அவையே வருமானம்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். செங்கல் சூளைக்காகவும் சாலை அகலப்படுத்தவும் லட்சக்கணக்கில் வெட்டப்பட்டதைத் தொடர்ந்து, 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகளையும் ஒரு லட்சம் கன்றுகளையும் 30 மாவட்டங்களில் வழங்கும் திட்டமும் அதில் இடம்பெற்றது. கண்மாய்க் கரைகளில் தன்னார்வலர்களும் ஆண்டுதோறும் விதை ஊன்றுகிறார்கள்.

விதை ஊன்றுவது எளிது. ஏறுவதற்கு ஆள் இருப்பதே கடினம். இன்று ஊன்றும் விதை பாளை விடும் நாளில் அதைச் சீவத் தெரிந்த கை வேண்டும், பதம் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். அந்தக் கையும் கண்ணும் குடும்பத்துக்குள்ளேதான் கைமாறுகின்றன. பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்வதும் விலகுவதும் அந்த ஒரு கிலோ கருப்பட்டிக்குக் கிடைக்கும் விலையைப் பொறுத்தது. விடிலிக்குப் போகும் ஒவ்வொரு விருந்தாளியும், தன் நாயை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு, அவர்களுடைய நேரத்துக்கு மதிப்புக் கொடுத்து, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தால், அந்தக் கணக்கில் தன் பங்கைச் செலுத்தியவர் ஆகிறார்.